பொதுமக்கள் பூங்காவின் முதல் மரம்

இதனால் பாலத்தடிப் பட்டினத்திலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வாழ்கின்ற சகல ஜனங்களுக்கும், வாழ்ந்து மறைந்தவர்களுக்கும், இனிமேல் பிறக்கப் போகிறவர்களுக்கும் அறியத் தருவது யாதெனில்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தாம் ஆண்டு மாசி மாதத்தில், பாலத்தடிப் பட்டின சபையார், தமது ஆளுகைக்கு உட்பட்ட திறந்தவெளியைத் திறந்தவெளியாகவே விட்டுவைத்திருப்பது நாகரிகத்துக்கு இழுக்கு என்று ஏகமனதாகக் கண்டு, அதை மூடித் திறந்துவைக்கத் தீர்மானித்தார்கள்.

மூடுவதற்கு முள்கம்பி. திறந்துவைப்பதற்கு ஓர் உதவி மந்திரி.

பாலத்தடி என்பது இலங்கை மலைநாட்டில், லிந்துலையிலிருந்து நானுஓயாவுக்குப் போகும் வழியில், பஸ் நின்றால் ஊர், நிற்காவிட்டால் ஒரு வளைவு. ஒரு பாலம், ஒரு தபால் கந்தோர், ஒரு சாராயத் தவறணை, இருபக்கமும் சேர்த்துக் கொஞ்சம் கடைகள். இவற்றை ஆள்வதற்கு ஒரு சபை. அந்தச் சபைக்குத் தலைவர், பலசரக்கு வியாபாரி திருவாளர் பெரியதம்பி, சமாதான நீதவான். இந்தக் கடைசி இரண்டு சொற்களைச் சேர்க்காமல் அவரை யாராவது கூப்பிட்டால் அவருக்குக் காது கேட்காது.

கடைத்தெருவுக்குப் பின்னால், கூனிமலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கீழே, ஒரு பொட்டல் இருந்தது. மலைநாட்டில் தட்டையான நிலம் என்றால் ஒன்று அதில் தொழிற்சாலை நிற்கும், இல்லாவிட்டால் துரை டென்னிஸ் விளையாடுவார். இந்தப் பொட்டல் இரண்டுக்கும் தப்பியதற்குக் காரணம் அடியில் கிடந்த பாறை. வெள்ளைக்காரன் மூன்று முறை தேயிலை நட்டுப் பார்த்தான். மூன்று முறையும் பட்டுப்போயிற்று. தேயிலை வாழ முடியாத இடம் என்று நிரூபணமான பிறகுதான் அதில் மனிதர்கள் உட்கார அனுமதிக்கப்பட்டார்கள்.

உட்கார்ந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்க இறங்கி வரும் பெண்கள் மூட்டையை இறக்கிக் காலை நீட்டினார்கள். பிள்ளைகள் துணிப்பந்து அடித்தார்கள். மேல் லயத்திலிருந்து வரும் பாடையைத் தோள் மாற்றுவதற்காக அங்கே ஒரு தரம் இறக்கினார்கள். மாசியில் காமன் கூத்து ஆடினார்கள். சபை அந்த நிலத்துக்கு அதுவரை செய்த ஒரே உபகாரம், அதைக் கவனிக்காமல் இருந்தது.

காமன் கூத்துக்கு ஒரு முறை உண்டு. மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் பொட்டலில் காமன் கம்பம் ஊன்றுவார்கள். ஆமணக்குக் கொம்பு, கரும்பு, மாவிலை எல்லாம் சேர்த்து வைக்கோல்புரி சுற்றிக் கட்டிய கம்பம் அது. ஊன்றிவிட்டால் பௌர்ணமிக்குக் காமனை எரிக்கும்வரை அதை ஒருவரும் அசைக்கக் கூடாது. ஊன்றியவர் கையில் மஞ்சள் காப்பு ஏறும், எரித்த மூன்றாம் நாள்தான் இறங்கும். அதுவரை அவருக்கு மீன் இறைச்சி ஆகாது, சாராயம் ஆகாது, எல்லை தாண்டிப் பயணம் ஆகாது. கூத்துக்கு மாஸ்டர் நல்லமுத்து. பகலில் தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தி பிடிப்பவர், இரவில் மன்மதனையும் சிவனையும் மேய்ப்பவர்.

அந்த வருஷம் அந்தக் கம்பத்துக்காகக் காத்திருந்தவள் கொழுந்து பறிக்கும் பேச்சியம்மா. கல்யாணமாகி ஒன்பது வருஷம் பிள்ளையில்லாமல் இருந்துவிட்டு, முந்தின மாசியில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அவள் ஒரு நேர்த்தி வைத்தாள்: பிள்ளை பிறந்தால் மூன்று மாசிக்கு அதே பொட்டலில், அதே கம்பத்தடி மண்ணில் கிடத்தி எடுப்பேன், முதல் மாசியில்தான் பெயர் வைப்பேன். கார்த்திகையில் பெண் பிறந்தது. மூன்று மாதமாக அதற்குப் பெயரில்லை. தோட்டத்து டிஸ்பென்சரிக்காரர் கேட்டபோதுகூட, "மாசிக்கு அப்புறம் வாங்கய்யா" என்று அனுப்பிவிட்டாள்.

இந்த நிலையில்தான் பெரியதம்பிக்கு நாகரிகம் பிடித்தது. கொழும்பில் விக்டோரியா பூங்காவைப் பார்த்துவிட்டு வந்தவர், இரண்டு நாள் கடையில் உட்காராமல் உலாத்தினார். மூன்றாம் நாள் சபையைக் கூட்டினார். மேசைமேல் ஒரு வரைபடம் விரித்திருந்தது. அதில் வாத்து நீந்தும் தடாகம் இருந்தது, பாண்டு வாத்திய மண்டபம் இருந்தது, "தனிமையில் சிந்திக்கும் இடம்" என்று ஒரு வட்டம் இருந்தது. வருஷத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஊரில் நனைந்துகொண்டு சிந்திக்கப் போகிறவர் யார் என்று குறித்திருக்கவில்லை.

"இது பொதுமக்களுக்காகப் பொதுமக்களால் ஆக்கப்படும் பூங்கா," என்றார் பெரியதம்பி. "ஆடு மாடு கட்டுதல், பாரம் இறக்குதல், தப்பு அடித்தல், கூத்தாடுதல், தரையில் உட்காருதல் இவையெல்லாம் இன்று முதல் தடை. சுற்றிவர முள்கம்பி. வாசலுக்குப் பூட்டு."

புடவைக்கடை ஜமால்தீன் சபையில் ஓர் அங்கத்தவர். கூட்டத்துக்கு வந்தால் வெற்றிலையை மென்றுகொண்டே இருப்பார். மெல்லுவதை நிறுத்தினால் ஏதோ கேட்கப் போகிறார் என்று அர்த்தம். நிறுத்தினார்.

"தலைவரே, எனக்கு ஒன்டு வெளங்கல்ல. பொதுமக்கள் என்டு செல்றது யாரெ?"

"இதென்ன கேள்வி ஜமால்தீன் நானா? வரி கட்டுறவங்க. ஓட்டு இருக்கிறவங்க."

"தோட்டத்து சனத்துக்குத்தான் ஓட்டெப் பறிச்சி ஆறேழு வருசமாச்சே."

"அதத்தான் நானும் சொல்றேன்."

"அப்ப அந்தாள்களெல்லாம் யாரு?"

பெரியதம்பி வரைபடத்தை நேராக இழுத்து வைத்தார். "அவங்க நம்ம வாடிக்கைக்காரங்க."

"நல்லம். அப்ப நீங்களும் நானும் தவறணைக்காரரும், எங்கட பொஞ்சாதி புள்ளைகளும் போய் மாறி மாறி அந்த வாங்குப் பலகையில குந்தி ஆளையாள் பாத்துக்கொண்டிருப்பம்."

சபை சிரித்தது; சிரித்துவிட்டு ஏகமனதாகத் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஜமால்தீன் ஆதரித்தாரா எதிர்த்தாரா என்று கேட்டால், அவர் வெற்றிலை துப்ப வெளியே போயிருந்தார். நல்ல கேள்வி கேட்பவர்கள் வாக்கெடுப்பு நேரத்தில் வெற்றிலை துப்பப் போவது இந்த நாட்டு அரசியலில் பழைய வழக்கம்.

செய்தி லயத்துக்கு ஏறியது. மறுநாள் மாலை, மலையில் வேலை முடிந்து கொழுந்தை நிறுத்துக் கொடுத்த கையோடு, நல்லமுத்துவும் பேச்சியம்மாவும் பெரியதம்பியின் கடைக்கு இறங்கி வந்தார்கள். பேச்சியம்மாவின் முதுகில் கட்டிய சாக்குப் படங்குக்குள், பெயரில்லாத பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது.

"முதலாளி, பதினஞ்சு நாளைக்கு மட்டும் பொட்டல வுடுங்க. கம்பம் ஊனி, எரிச்சு, சாம்பல அள்ளிட்டு நாங்களே கூட்டி மொழுகித் தர்றோம்," என்றார் நல்லமுத்து.

"அது இப்ப பொட்டல் இல்லடா. பூங்கா."

"ஒரு பூவையும் காணமே முதலாளி," என்றாள் பேச்சியம்மா.

"வரும். வந்தபிறகு நீங்க மிதிப்பீங்க. அதுக்குத்தான் முன்கூட்டியே வேலி."

"என் நேர்த்தி அந்த மண்ணுல இருக்குங்க. வேற எடத்துல வச்சா செல்லாது. இந்தப் புள்ளைக்கு இன்னும் பேரு கூட இல்ல."

"பேர் வைக்கிறதுன்னா கோயில்ல வையி. நான் வேணாமுன்னா சொல்றேன்?"

"கோயில்ல கேட்டிருந்தா கோயில்ல வச்சிருப்பேன். கேட்டது இங்க."

பெரியதம்பி சமாதான நீதவானுக்குரிய குரலை எடுத்தார். "பாரும்மா. நானும் ஒன்ன மாதிரித்தான், எங்கப்பன் இந்தியாவுலருந்து மண்டபத்து வழியா கப்பலேறி வந்தவன். நானில்லையா நாகரிகமாயிட்டேன்? முன்னேறணும்னா சிலத விடத்தான் வேணும்."

"நீங்க என்னத்த வுட்டீங்க முதலாளி?" என்று கேட்டாள் பேச்சியம்மா. "எங்களத்தான வுட்டீங்க."

அவருக்குக் காது கேட்கவில்லை. அவள் சமாதான நீதவான் என்று சேர்த்துச் சொல்லாததுதான் காரணமாயிருக்க வேண்டும்.

உதவி மந்திரிக்கு ஒரே ஒரு நாள்தான் ஓய்வு இருந்தது. அது மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் நாளாக அமைந்தது. பெரியதம்பி பஞ்சாங்கம் பார்க்கவில்லை; பூங்கா வைத்தவருக்குப் பஞ்சாங்கம் எதற்கு? மந்திரி கையால் முதல் மரம் நடுவது என்று ஏற்பாடு. அதற்காகப் பேராதனையிலிருந்து ஒரு சீமைமரக் கன்று ரயிலில் வந்துகொண்டிருந்தது. அதை நானுஓயாவில் இறக்க வேண்டும். இறக்க வேண்டிய சபைச் சிப்பந்தி பிளாட்பாரத்துக் கடையில் தேநீர் குடித்து முடிப்பதற்குள், கன்று பதுளைக்குப் போய்விட்டது.

மந்திரியின் கார் தலவாக்கலையைத் தாண்டிவிட்டது என்று செய்தி வந்தபோது, பொட்டலில் பந்தல் இருந்தது, குழி இருந்தது, குழிக்குள் வைக்க ஒன்றும் இல்லை. பெரியதம்பியின் முகம் உப்புக்கண்டம் போலச் சுருங்கியது. சபைக் கிளாக்கரைப் பிடித்து உலுக்கினார்.

"எதையாவது கொண்டாங்கய்யா! பச்சையா, நெட்டையா, நட்டா நிக்கிற மாதிரி எதையாவது!"

கிளாக்கர் பொட்டலின் ஓரத்துக்கு ஓடினார். குழி வெட்டிய கூலிக்காரர்கள் அங்கே நின்றார்கள். அவர்களை வேடிக்கை பார்க்க லயமே இறங்கி வந்து நின்றது.

"நடுறதுக்கு ஏதும் இருக்கா?"

நல்லமுத்து தலையைச் சொறிந்தார். பேச்சியம்மா முந்திக்கொண்டாள்.

"நடுறதுக்குத்தானங்கய்யா? கட்டித் தயாரா ஒன்னு வச்சிருக்கோம். ஆனா அதச் சும்மா நடக் கூடாது. தப்பு அடிக்கணும். புதுத் துணி சுத்தணும். பெரிய மனுசன் கையால ஊனணும்."

"அதெல்லாம் நல்லதுதான், நல்லதுதான்! ஓடிப்போய்க் கொண்டாங்க!" என்றார் கிளாக்கர். ஆடம்பரமாக எது நடந்தாலும் தலைவர் மகிழ்வார் என்று அவருக்குத் தெரியும். அவர் யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைக்காரர். காமனை ஏட்டில் படித்தவர், கம்பத்தைக் கண்டதில்லை.

இரண்டு நாளாக எங்கே ஊன்றுவது என்று தெரியாமல் மாரியம்மன் கோயில் சுவரில் சாத்தி வைத்திருந்த காமன் கம்பம், தப்பு முழக்கத்தோடு பொதுமக்கள் பூங்காவுக்குள் நுழைந்தது. அதைக் கண்டதும் ஜமால்தீன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினார். வருஷா வருஷம் காமனுக்கு மஞ்சள் துணி விற்கிறவர் அவர். மறுபேச்சில்லாமல் கடைக்கு ஆளனுப்பி ஒரு முழம் மஞ்சள் துணி எடுப்பித்தார்.

உதவி மந்திரி கம்பத்தை ஏற இறங்கப் பார்த்தார். "மேக்க மொன கஹத?" இது என்ன மரம் என்று கேட்கிறார்.

பெரியதம்பி ஆமணக்கையும் கரும்பையும் வைக்கோல்புரியையும் ஒருமுறை பார்த்தார். பதுளைக்குப் போன கன்றை அவரும் கண்டதில்லை; நாகரிகமான நாள் முதல் கூத்துக் கம்பத்தின் பக்கமும் போனதில்லை. இது அதன் தம்பியாயிருக்கும் என்று எடுத்துக்கொண்டார். "மிகவும் அபூர்வமான மரம், சேர்," என்று சிங்களத்தில் சொன்னார். "சீமையிலிருந்து தருவித்தது."

"ஹரி ஷோக்," பிரமாதம் என்றார் மந்திரி. அவருக்கு இடுப்பு வலி. குனிய முடியாது; தலைவரே நடட்டும், தாம் கைதட்டுவதாகச் சொன்னார்.

ஆகவே, பாலத்தடிப் பட்டின சபைத் தலைவர், சமாதான நீதவான் பெரியதம்பி, கோட்டும் தலைப்பாகையுமாக, உதவி மந்திரி கைதட்ட, தப்பு முழங்க, பெண்கள் குலவையிட, தாம் தடைசெய்த நிலத்தில் தாம் தடைசெய்த கம்பத்தைத் தமது கையாலேயே ஊன்றினார். நல்லமுத்து பணிவோடு முன்னால் வந்து அவர் மணிக்கட்டில் மஞ்சள் கட்டினார். அது ஒரு மரியாதை என்று நினைத்து அவர் கையை இன்னும் கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார்.

மந்திரியின் கார் வளைவில் மறைந்த பிறகுதான் ஜமால்தீன் பக்கத்தில் வந்தார்.

"தலைவரே, நாளைக்கி கொழும்புக்குப் போறதென்டு சென்னீங்களே?"

"ஆமா, மந்திரியோட பேச வேண்டிய விசயம் இருக்கு."

"போகேலாதே. காப்புக் கட்டீட்டாங்களே. பதினஞ்சு நாளைக்கி எல்லெ தாண்டப்படாது. எறச்சியும் சரி இல்ல. அந்த ராவைக்கி எடுக்கிற மருந்தும் சரி இல்ல."

பெரியதம்பி மணிக்கட்டைப் பார்த்தார். கம்பத்தைப் பார்த்தார். பொட்டலின் ஓரத்தில் நின்ற லயத்து முகங்களைப் பார்த்தார். ஒரு முகத்திலும் சிரிப்பில்லை.

"புடுங்கி எறியுங்கடா அத!" என்று கத்தினார்.

கூலிக்காரர்கள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். வேலி போட வந்த கொந்தராத்துக்காரன் கொத்மலைச் சிங்கள ஆள். அவனும் எதற்கு வம்பு என்று கம்பிச்சுருளை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். பெரியதம்பி தாமே பிடுங்கலாம் என்று வீட்டில் போய்ச் சொன்னபோது, மனைவி சிவகாமசுந்தரி அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள்.

"ஊனின கையால புடுங்குவீங்களா? வீட்டுல கல்யாணத்துக்குப் பொண்ணு நிக்கிறது ஞாபகம் இருக்கா இல்லையா? கம்பத்துல கை வச்சீங்க, நான் பொண்ணோட எங்கப்பா வீட்டுக்கு வட்டவளைக்குப் போயிருவேன். பதினஞ்சு நாளும் சாம்பாருதான். பேசாம தின்னுங்க."

பேசாமல் தின்றார். சாயங்காலங்களில் கம்பத்தடிக்கு வந்து, ஊன்றியவர் என்ற முறையில் விளக்கும் ஏற்ற வேண்டியிருந்தது. லயத்துச் சனம் அவரைக் கண்டதும் எழுந்து நின்று வழிவிட்டது. சபையில் எத்தனை வருஷம் தலைவராக இருந்தும் அவருக்குக் கிடைக்காத மரியாதை அது. அதைக் கண்டு அவர் மனம் இளகியிருக்க வேண்டும் என்று கதை எதிர்பார்க்கலாம். பெரியதம்பி எதிர்பார்ப்புகளுக்கு அப்பாற்பட்டவர்.

பௌர்ணமி வந்தது. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார், காமன் எரிந்தான், ரதி ஒப்பாரி வைத்தாள். விடிந்ததும் பேச்சியம்மா குளித்து ஈரச்சேலையோடு வந்து, பிள்ளையை வெறும் மண்ணில், கம்பம் நின்ற இடத்தில் கிடத்தினாள். ரதிதேவி என்று காதில் மூன்று தரம் சொன்னாள். பிள்ளை மண் ஒட்டிய விரலை வாயில் வைத்துச் சப்பியது. பொதுமக்கள் பூங்காவால் மனிதருக்கு ஏற்பட்ட பயன் அத்தோடு முற்றுப்பெற்றது.

காப்பு அவிழ்த்த அன்று மத்தியானமே பெரியதம்பி லிந்துலையிலிருந்து வேறொரு கொந்தராத்துக்காரனைக் கூட்டி வந்தார். மாலைக்குள் வேலி. மறுநாள் வாசல், பூட்டு, மூன்று பாஷையில் ஒரு பலகை. தடாகம் வரவில்லை, தோண்டினால் பாறை. மண்டபம் வரவில்லை, சபையில் காசில்லை. பூவும் வரவில்லை, தேயிலை பிடிக்காத மண்ணில் ரோஜா பிடிக்கும் என்று அவருக்கு யார் சொன்னார்களோ. வந்தவை பலகையும் பூட்டும்தான். கடைத்தெருப் பொதுமக்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை போய் ஆளையாள் பார்த்தார்கள். இரண்டாம் ஞாயிறு போகவில்லை. தோட்டத்துப் பெண்கள் மூட்டையைத் தலையில் வைத்தபடியே தெருவோரம் நின்று மூச்சு வாங்கினார்கள். பாடையை நடு ரோட்டில் தோள் மாற்றினார்கள். பஸ்காரன் ஹோர்ன் அடித்தான்.

அடுத்த மாசியில் பெரியதம்பி பஞ்சாங்கம் பார்த்தார். அனுபவம் மனிதனுக்குப் படிப்பினை தரும் என்பது பொய்யில்லை. அமாவாசைக்கு முதல் நாளே சாவியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கொழும்புக்கு ரயிலேறினார்.

பேச்சியம்மா கடைக்கு வந்தாள். ரதிதேவி இப்போது இடுப்பில். சிவகாமசுந்தரி கல்லாவில் இருந்தாள்.

"அம்மா, ரெண்டாவது மாசி. தொறந்து வுடச் சொல்லுங்க."

"சாவி அவருகூடப் போயிருச்சும்மா," என்றாள் சிவகாமசுந்தரி. அவள் பேச்சியம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வெல்லத்தில் ஒரு துண்டை எடுத்துப் பிள்ளையின் கையில் வைத்தாள்.

பேச்சியம்மா அதைப் பிள்ளையின் கையிலிருந்து எடுத்துத் திரும்பக் கல்லாமேல் வைத்தாள். "நாங்க பொதுமக்கள் இல்லைங்களே. வாடிக்கைக்காரங்கதானே. காசு குடுத்து வாங்கிக்கிறோம்."

எதிர்க்கடையிலிருந்து ஜமால்தீன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த கூட்டத்தில் இதைக் கட்டாயம் கேட்கப் போவதாகச் சொன்னார். கேட்கவும் கேட்டார்; பிறகு வெற்றிலை துப்பப் போனார்.

கம்பத்தை அந்த வருஷம் ரோட்டு வளைவில், தண்ணீர் ஓடும் கானுக்குப் பக்கத்தில், இரண்டு பாய் விரிக்கிற அளவு இடத்தில் ஊன்றினார்கள். லொறி வரும்போதெல்லாம் ரதியும் மன்மதனும் ஒதுங்கி நின்று ஆடினார்கள். எரித்த இரவே பெரியதம்பியும் சாவியும் ஊர் திரும்பினார்கள். மறுநாள் காலை பேச்சியம்மா கம்பத்துச் சாம்பலில் ஒரு பிடி எடுத்துச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, பூங்காவின் வேலிக்கு வந்தாள். கம்பியின் ஊடாகக் கையை விட்டு, கம்பம் நின்ற திசைக்குச் சாம்பலை எறிந்தாள். பிறகு கீழ்க்கம்பியைக் காலால் மிதித்துத் தாழ்த்தி, பிள்ளையைத் தூக்கி, முள் படாமல் அதன் இரண்டு பாதங்களையும் உள்ளே விட்டு, மண்ணில் ஒரு கணம் பதிய வைத்தாள்.

ரதிதேவி உள்ளே பார்த்துச் சிரித்தாள். பேச்சியம்மாவும் அப்போதுதான் பார்த்தாள். பலகைக்குக் கீழே, பாறையிடுக்கில் முளைத்த நல்ல புல்லை ஒரு மாடு மேய்ந்துகொண்டிருந்தது.

அது பெரியதம்பியின் மாடு.